பெரியவர் பாடிக் கொடுத்த ட்ராக்

ஒலிப்பதிவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மைக்கைப் பற்றியோ மென்பொருளைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் இந்த வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வலது காது ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு வியாழக்கிழமை மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எழுந்து நாலு நடை நடக்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் சொல்லித் தொலைத்துவிட்டால் கொஞ்சம் உட்கார முடியும் என்று தோன்றுகிறது.

பெரிய பெயருள்ள இசைக்காரர்கள் மற்றவர்களுக்காகப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டுக் கொடுப்பது நம் தொழிலில் சகஜம். பாடியவர் பெயரில் பாட்டு ஓடும், போட்டவர் பெயர் கீழே சின்ன எழுத்தில் வரும். கேட்கிறவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. ஆனால் அந்தப் பாட்டு ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவர் தொண்டைக்குப் போகிற இடம் நம் அறைதான். அங்கே நாம் செய்கிற தப்பு வெளியே யாருக்கும் தெரியாது, பாடுகிறவருக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் அது ஆபத்து.

மெட்டு இப்படித்தான் என்று காட்டுவதற்காக முன்கூட்டியே ஒருவர் பாடி வைப்பதைத்தான் ட்ராக் என்கிறோம். வழக்கமாக ட்ராக் பாடுகிறவரை யாருக்கும் தெரியாது, அதன்மேல் பாட வருகிறவர் பெரிய ஆளாக இருப்பார். அவர் பாடி முடித்ததும் ட்ராக்கை அழித்துவிடுவோம். இது தலைகீழாக நடந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. ட்ராக் பாடியவர் பெரிய ஆள், மேலே பாட வந்தவள் ஊர் பேர் தெரியாதவள். எனக்கு அப்படி ஒரே ஒரு தடவைதான் வாய்த்தது. அந்த ஒரு தடவையே போதும் போதும் என்றாகிவிட்டது.

முதலில் என் ஸ்டூடியோவைச் சொல்ல வேண்டும். ஓசூரில் சின்னத் தொழிற்கூடங்கள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், இரண்டு ஷெட்டுக்கு நடுவில் இருந்தது. வாடகை குறைவு என்று பிடித்த இடம். பிடித்த பிறகுதான் பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் இருப்பது தெரிந்தது. இரண்டு சக்கர வண்டிக்கு ஏதோ தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் தகட்டை வைத்துப் பெடலை மிதிப்பார், பிரஸ் இறங்கும், எங்கள் தரை ஒரு தடவை அதிரும். சுவரில் என்னென்னவோ ஒட்டிப் பார்த்தேன். சத்தம் தரை வழியாக வந்ததால் ஒன்றும் பயன்படவில்லை. மூன்று ஷிஃப்ட்டும் ஓடியதால் ராத்திரியும் கைகொடுக்கவில்லை.

ஆகவே குரல் எடுப்பதென்றால் பிரஸ் நிற்கும் நேரத்தில்தான். காலை டீக்குப் பத்து நிமிடம், பன்னிரண்டரையிலிருந்து ஒன்று வரை சாப்பாட்டு நேரம், மூன்றரைக்கு மறுபடியும் டீக்குப் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாள் முழுக்க எங்களுடையது. என்னிடம் பாட வருகிறவர்கள் எல்லாரும் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே பாடப் பழகியிருந்தார்கள். எனக்குப் பொறுமை இல்லாமல் போனதற்கு அந்த பிரஸ்தான் காரணம் என்று என் மனைவி சொல்வாள். அதற்கு முன்னாலும் பொறுமை இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இனி மஞ்சுளா. கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, வேலை செய்கிற இடத்தில் கன்னடமும் தமிழும். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்று வேலை, சனி ஞாயிறுகளில் ஆர்க்கெஸ்ட்ராவில் பாட்டு. பதினான்கு வருடமாக அப்படித்தான். மூன்று மொழிகளிலும் எந்தப் பாடகியின் பாட்டைக் கொடுத்தாலும் அந்தப் பாடகியே வந்து நிற்பது போல் பாடுவாள். ஆர்க்கெஸ்ட்ராவில் அதுதான் பெரிய பாராட்டு. “அப்படியே அச்சு அசலா இருக்குதும்மா” என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாடியவர்களுக்குச் சாப்பாடே வேண்டாம். நான்தான் அந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ஒலி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆயுதபூஜை. எங்கள் பக்கம் ஆயுதபூஜை என்றால் கம்பெனிகளில் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, குடும்பத்தோடு வரச்சொல்லி, பொரி கொடுத்து, ஆர்க்கெஸ்ட்ராவும் வைப்பார்கள். அந்த வருடம் ஒரு கம்பெனியில் சிறப்பு விருந்தினராக ஒரு இசையமைப்பாளர் வந்திருந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பாட்டைக் கேட்காமல் நீங்கள் வளர்ந்திருக்க முடியாது.

மஞ்சுளா நாலு பாட்டு பாடினாள், நாலும் அச்சு அசல். கூட்டம் விசிலடித்தது. பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்து அவளிடம் கேட்டார்.

“நல்லா பாடறீங்கம்மா. உங்க பாட்டு ஒண்ணு பாடுங்களேன், கேக்கலாம்.”

“எனக்குன்னு பாட்டு ஏதும் இல்லைங்க சார்” என்றாள் அவள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல்தான் சொன்னாள்.

“நான் ஒண்ணு பண்ணித் தரேன்” என்றார் பெரியவர். பெரிய மனிதர்கள் இப்படி ஆயிரம் சொல்வார்கள் என்று நான் அதை அப்போதே மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து என் போனுக்கு ஒரு ட்ராக் வந்தது. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது, பாடியிருந்ததும் அவரே. நல்ல மைக்கில், முழுக் குரலில் பாடியிருந்தார். வாத்தியங்களை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும், குரலை என் ஸ்டூடியோவிலேயே எடுக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரஸ் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யார் நினைத்தார்கள்?

வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஒரு பெண்ணின் பாட்டு அது. வீட்டில் ஒவ்வொருவராக அவளை என்ன ஆச்சு, ஏன் ஒருமாதிரி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பல்லவி ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லில் வந்து முடியும். பெரியவர் அந்தச் சொல்லை இழுத்து, வளைத்து, கடைசியில் கரைய விட்டிருந்தார். முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இங்கேதான் என் தப்பு ஆரம்பித்தது. பெங்களூரில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த ஒலிப்பதிவாளர் ஒருவர் இருந்தார், மகா கோபக்காரர். பாட வருகிறவருக்கு ட்ராக்கை இரண்டே தடவைதான் போட்டுக் காட்டுவார். மூன்றாவது தடவை கேட்டால் ஹெட்போனைப் பிடுங்கிவிடுவார். “மெட்டு தெரிஞ்சிடுச்சில்ல, அப்புறம் என்னாத்துக்கு அவன் குரலு?” என்பார். எனக்கு அது நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் பெரியவர் பாடியதாயிற்றே என்று அந்த ட்ராக்கை அப்படியே மஞ்சுளாவின் போனுக்கு அனுப்பினேன். “ஒரு பிசிறு மாறக்கூடாது மஞ்சு. அவர் எப்படி பாடியிருக்காரோ அப்படியே பாடணும்” என்று வேறு சொன்னேன்.

அச்சு அசலாகப் பாடுகிறவளிடம் போய் இதைச் சொல்லலாமா? மூன்று வாரம், கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்கும் ஓசூரிலிருந்து கெலமங்கலத்துக்கும் பஸ்ஸில் அவள் அதையே கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாடினாள். அவர் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டாள். அவர் குரல் லேசாகக் கரகரத்த இடத்தில் இவள் குரலும் கரகரத்தது. திரையில் இரண்டு குரலையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன், கோடு கோடாகப் பொருந்தியது. நான் சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். உங்களிடம் மறைப்பதற்கென்ன, அன்றைக்கு நான் என்னையே பெரிய ஒலிப்பதிவாளர் என்று நினைத்துக்கொண்டேன்.

வாத்தியங்களைச் சேர்த்து புதன்கிழமை காலை பெரியவருக்கு அனுப்பினேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடித்து மஞ்சுளா ஒரு ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். அவள் இருக்கும்போதே பெரியவரின் போன் வந்தது. அவள் காதாலேயே பாராட்டைக் கேட்கட்டும் என்று நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“கேட்டேன் சேகர்” என்றார் பெரியவர். “பரவாயில்லை. நல்லாத்தான் பாடியிருக்கேன்.”

நான் முதலில் சிரித்தேன். சிரித்த பிறகுதான் அவர் ‘பாடியிருக்காங்க’ என்று சொல்லாமல் ‘பாடியிருக்கேன்’ என்று சொன்னது உறைத்தது. மஞ்சுளா சிரிக்கவில்லை. ஸ்வீட் பெட்டியின் ரப்பர் பேண்டை எடுத்து, மறுபடியும் மாட்டி, மறுபடியும் எடுத்தாள். பெரியவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “அந்தம்மாவுக்குன்னு ஒரு பாட்டு பண்ணணும்னு நினைச்சேன். நாளைக்கு ராத்திரி நான் வெளிநாடு கிளம்பறேன், வர ரெண்டு மாசம் ஆகும். கம்பெனி என்ன சொல்லுதோ பாருங்க” என்று வைத்துவிட்டார்.

கம்பெனி என்றால் பாட்டை வெளியிடுகிறவர்கள், சென்னையில் இருந்தார்கள். அவர்கள் சார்பில் என்னிடம் பேசுகிறவர் தினேஷ் என்ற இளைஞர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

“சார், ரெண்டையும் கேட்டோம். ஒரே மாதிரிதான் இருக்கு. அப்படின்னா பெரியவர் குரல்லயே போட்டுடலாமே? ட்ராக்கே சூப்பர் குவாலிட்டி. அவர் பேருக்கே போயிடும். மேடம் பாடினதை அப்புறமா இன்னொரு வெர்ஷனா விடலாம்.”

அந்த ‘அப்புறமா’ எப்போதும் வராது. இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தால் உங்களுக்கும் அது தெரிந்துவிடும். “வேற மாதிரி எடுத்துத் தரேன், டைம் குடுங்க” என்றேன். “நாளைக்கு அஞ்சு மணி சார். பெரியவர் ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி ஓகே வாங்கணும். வரலைன்னா ட்ராக்கைத்தான் போடுவோம்” என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மஞ்சுளா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். “அண்ணா, எனக்கு முப்பத்தாறு ஆச்சு” என்றாள். “பதினாலு வருசமா ஊரான் பாட்டையே பாடிகிட்டு இருக்கறன். ஆர்க்கெஸ்ட்ராவுல இப்பவே என்னைய கோரஸ்ல நிறுத்தறாங்க. இந்த ஒண்ணு என் பேருல வந்துச்சுன்னா போதும்ணா, வேற ஒண்ணும் கேக்க மாட்டன்.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவளைக் கெடுத்தது நான், அவளுடைய பழக்கம் இல்லை. அதை அவளிடம் அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெங்களூர் போய் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அத்திப்பள்ளி தாண்டி அந்த நெரிசலில் ஒரு ஸ்டூடியோவை அடைந்து, நேரம் கேட்டு வாங்கி, பாடித் திரும்புவதற்குள் ஐந்து மணி கடந்துவிடும். எங்களுக்கு இருந்தது வியாழக்கிழமைச் சாப்பாட்டு நேரம், அரை மணி. அதை விட்டால் டீக்கு நிற்கும் பத்துப் பத்து நிமிடம்தான்.

அன்றைக்கு அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பன்னிரண்டு இருபதுக்கே உள்ளே நிறுத்திவிட்டேன். பிரஸ் நிற்பதற்காக இருவரும் காத்திருந்தோம். நான் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். பன்னிரண்டரைக்கு நின்றது. ட்ராக்கை மூடிவிட்டு, வாத்தியங்களை மட்டும் அவள் ஹெட்போனில் விட்டேன். பாடினாள். அப்படியே பெரியவர். இன்னொரு தடவை. மறுபடியும் பெரியவர்தான். ட்ராக் அவள் காதிலிருந்து போய்விட்டது, தொண்டையில் உட்கார்ந்திருந்தது.

“உன் மாதிரி பாடு மஞ்சு” என்றேன்.

“என் மாதிரின்னா எப்படிண்ணா?”

ஒரு தடவை கொஞ்சம் வேகமாக, இன்னொரு தடவை மெதுவாக, உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நான் பேசப் பேச அவள் குரல் இறுகியது. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. எரிச்சலில் வாத்தியங்களையும் நிறுத்திவிட்டு சுருதியை மட்டும் விட்டேன். யோசித்துச் செய்ததில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அவள் பாட ஆரம்பித்து, நடுவில் நின்றுவிட்டாள். “அவரு குரலு போவ மாட்டங்குதுண்ணா” என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். அதற்குள் ஒரு மணி ஆகி, பக்கத்தில் பிரஸ் இறங்கியது.

முடிந்தது என்று நினைத்தேன். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். பிரஸ் இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ஹெட்போனைக் கழற்றாமல், யாருக்காகவும் இல்லாமல், மஞ்சுளா பல்லவியை முணுமுணுக்க ஆரம்பித்தாள். பிரஸ் இறங்கும்போது வாயை மூடினாள், ஏறும்போது பாடினாள். ‘ஒண்ணுமில்ல’ வரும் இடத்தில் நிறுத்தினாள். பிரஸ் இறங்கியது. அதன் பிறகு அந்தச் சொல்லைச் சொன்னாள். இழுக்கவில்லை, வளைக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவள் கேட்டதற்குக் கையில் வேலையை வைத்துக்கொண்டே பதில் சொல்வது போலச் சொன்னாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்து, “நிறுத்தாத, நிறுத்தாத, முழுசா பாடு” என்று கத்தினேன். முழுப் பாட்டையும் பாடினாள். பெரியவர் அதில் எங்குமே இல்லை.

வெளியே வந்ததும், “சாரிண்ணா, பிரஸ் ஓட ஆரம்பிச்சிடுச்சு. வேஸ்ட்டா போச்சு” என்றாள்.

“எங்க கத்துகிட்ட இப்படி பாட?”

“கத்துகிட்டதா? எங்க லைன்ல எல்லாரும் இப்படித்தாண்ணா பாடுவோம். மெஷின் எறங்கறப்ப வாய மூடிக்குவோம், ஏறறப்ப பாடுவோம். இல்லாட்டி பக்கத்துல இருக்கறவளுக்கு கேக்காதில்ல.” இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்தாள்.

இனிதான் உங்களுக்கு வேண்டியது. என் கையில் இருந்த பதிவில், ஒவ்வொரு வரியிலும் பிரஸ் சத்தம் விழுந்திருந்தது. எந்தப் பள்ளியிலும் அதைப் பாழான பதிவு என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்றரைக்கு டீ நேரத்தில் பிரஸ் நின்றதும் சுத்தமாக ஒரு தடவை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதுவரை உட்கார்ந்து அவள் குரலைச் சுற்றி வாத்தியங்களை மறுபடி அடுக்கினேன். முந்தைய ஏற்பாட்டில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மூன்றரைக்கு எடுத்தோம். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பிரஸ் இல்லாததால் அவளுக்கு நிறுத்துவதற்குக் காரணம் இல்லாமல் போனது. நிறுத்தினாள், எண்ணிக்கொண்டு நிறுத்தியது தெரிந்தது. ‘ஒண்ணுமில்ல’வில் பெரியவர் லேசாகத் தலையை நீட்டினார்.

நாலரைக்கு என்னிடம் இரண்டு பதிவுகள் இருந்தன. ஒன்று சுத்தம், உயிர் இல்லை. இன்னொன்றில் உயிர் இருந்தது, தரைச் சத்தமும் இருந்தது. இரண்டையும் அனுப்பிவிட்டு முடிவை அவர்கள் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மின்னஞ்சலில் இரண்டையும் இணைத்தும் விட்டேன். விரல் அனுப்பும் பொத்தானில் இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, இரண்டைக் கொடுத்தால் அவர்கள் சுத்தமானதைத்தான் கேட்பார்கள், அதைக் கேட்டதும் ட்ராக்கே மேல் என்பார்கள். பிறகு, நான்தான் இரண்டும் கொடுத்தேனே, அவர்கள்தான் எடுக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கலாம். மஞ்சுளா கோரஸில் நிற்பாள்.

சுத்தமானதை நீக்கினேன். பிரஸ் சத்தம் விழுந்ததை மட்டும் அனுப்பினேன். ட்ராக்கின் நிழல்கூட எங்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். உங்களுக்கு இந்த நிலை வரும்போது ஒன்றை மட்டும் அனுப்புங்கள். இரண்டை அனுப்புவது பெரும்பாலும் பயம்தான், நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தினேஷ் கூப்பிட்டார். “சார், பின்னாடி டொம் டொம்னு என்ன சத்தம்?”

“பக்கத்து பிரஸ்.”

“எடுத்துடுங்க.”

“வராதுங்க. அவங்க அதுக்கேத்த மாதிரிதான் பாடியிருக்காங்க. அத எடுத்தா பாட்டும் போயிடும்.”

“சார், விளையாடறீங்களா? பெரியவருக்கு இதை எப்படி அனுப்பறது?”

“அனுப்புங்க தினேஷ். திட்டினா என்னத் திட்டட்டும்.”

ஐந்து இருபதுக்குப் பெரியவரே கூப்பிட்டார். பின்னால் விமான நிலைய அறிவிப்புகள் கேட்டன. இந்தத் தடவை நான் ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனால் மஞ்சுளா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சேகர், இது நான் போட்ட பாட்டு இல்லையே.”

“இல்லைங்க சார்.”

“அந்தக் கடைசிச் சொல்லை நான் அப்படிப் பாடலையே.”

“ஆமாங்க சார். அவங்க பாடியிருக்காங்க.”

அறிவிப்புகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. கோபத்தில் வைத்தாரா, சோதனைக்கு வரிசையில் நின்றாரா என்று தெரியவில்லை. அவர் என்ன சொன்னார் என்று மஞ்சுளா கேட்டாள். “ஒண்ணும் சொல்லல” என்றேன். அவள் பையை எடுத்து மாட்டினாள், கீழே வைத்தாள். நான் வாசலுக்கும் மேசைக்குமாக எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை. பக்கத்தில் பிரஸ் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் அப்படியே போனது.

ஐந்தே முக்காலுக்கு தினேஷிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெரியவர் சம்மதித்துவிட்டார், எதையும் மாற்றக்கூடாதாம், அந்தச் சத்தத்தையும் தொடக்கூடாதாம் என்று எழுதியிருந்தார். கீழே, எனக்கு ஒன்றும் புரியவில்லை சார் என்றும் எழுதியிருந்தார். நான் படித்துக் காட்டினேன். மஞ்சுளா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லை. பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பிரஸ்ல பெடல் மிதிக்கறாரே, அவரு பேரையும் போடச் சொல்லுங்கண்ணா” என்றாள்.

பாட்டு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்குகிறவர்கள் பாடினார்கள், பர்கூரில் கல்லூரிப் பிள்ளைகள் ஆடி வீடியோ போட்டார்கள், கிருஷ்ணகிரி பஸ்களில் காது புளிக்கும் வரை ஓடியது. ஆரம்பத்தில் எல்லாரும் அதைப் பெரியவரின் பாட்டு என்றுதான் சொன்னார்கள். மஞ்சுளாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, எனக்கு நிறையவே இருந்தது. பெரியவர் அதன்பிறகு பல மாதம் என்னிடம் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்ற அரிப்பு போகவே இல்லை. அவர் வேறு வழியில்லாமல் விட்டுக்கொடுத்தாரா, பிடித்துப்போய் விட்டுக்கொடுத்தாரா? பெரிய மனிதரின் பாட்டில் கைவைத்தவனுக்கு அது தெரிய வேண்டாமா?

அடுத்த வருடம் பெங்களூரில் பெரியவரின் கச்சேரி. தினேஷ் எங்கள் இருவருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தார். மேடைக்கு வெகுதூரத்தில் இடம். எல்லாம் பாடி முடித்ததும் கூட்டம் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தியது. அதைப் பாடியவள் இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது கூட்டத்துக்கும் தெரியாது, பெரியவருக்கும் தெரியாது. பெரியவர் மைக்கைப் பிடித்து, “இது நான் எழுதினேன், ஆனா மஞ்சுளாங்கற அம்மாவோட பாட்டு. அவங்க மாதிரி வராது, முயற்சி பண்றேன்” என்றார். எனக்குப் பக்கத்தில் மஞ்சுளா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

வாத்தியங்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுருதியோடு மட்டும் ஆரம்பித்தார். பல்லவி ஓடி, கடைசிச் சொல்லுக்கு வந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். தன் ட்ராக்கில் பாடியபடி இழுப்பார் என்று நினைத்தேன். அவர் இழுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார். அந்த அரங்கிலிருந்து எவ்வளவு தூரத்துக்கும் ஒரு பிரஸ் கிடையாது. ஆனாலும் அது இறங்கி முடியட்டும் என்பது போல நின்று, காத்திருந்து, பிறகு சின்னதாக, இழுக்காமல், வளைக்காமல் அந்தச் சொல்லைச் சொன்னார்.

மஞ்சுளா மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

“பரவால்லண்ணா” என்றாள். “நல்லாத்தான் பாடியிருக்கன்.”